நாங்களும் சுத்திப் பார்க்கப் போனோம்

ஊர் விட்டு ஊர் போவது எங்கள் சனங்களுக்குப் புதுசில்லை. சொல்லப்போனால் ஊர்த்தெருக்காரர்களைவிட நாங்கள்தான் அதிகம் ஊர் பார்த்தவர்கள். நடவுக்கு, அறுப்புக்கு, கரும்பு வெட்ட, சூளையில் கல் அறுக்க, ரோடு போட என்று லாரியிலும் டிராக்டரிலும் சட்டிபானையோடு போய்வந்தவர்கள். விருத்தாசலம் பக்கத்து மேட்டுக்காட்டிலிருந்து தஞ்சாவூர்ச் சீமைக்கு அறுப்புக்குப் போன இடத்தில்தான் எங்க அப்பா எங்க அம்மாவைக் கட்டினார். அதையெல்லாம் யாரும் பயணம் என்று சொன்னதில்லை. 'பொழைக்கப் போறது' என்றுதான் பேர். போன இடத்தில் கோயில் இருந்திருக்கும், கடல் இருந்திருக்கும், காடு இருந்திருக்கும். கண்ணில் படாமலா போயிருக்கும்? நின்று பார்க்க நேரம் கொடுத்தது யார்?

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு ஐந்திணை நடத்தினார்கள். குறிஞ்சி என்றால் மலை, நெய்தல் என்றால் கடல், அங்கங்கே அதற்குரிய பூ, பறவை, பொழுது, காதல். கேட்கக் கேட்க இனிக்கும். ஆனால் தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்லுகிறது. அடியோருக்கும் வினைவலருக்கும் ஐந்திணை ஒழுக்கத்தில் இடமில்லை, அவர்களைக் கைக்கிளை, பெருந்திணையில் வைத்துப் பாடிக்கொள்ளலாம் என்று உரைகாரர்கள் விளக்கம் எழுதினார்கள். அதாவது அடிமை வேலை செய்கிறவனுக்கு மலையும் கடலும் வேலைத்தலம் மட்டும்தான். அதில் நின்று காதலிக்க, ஏங்க, கண்ணால் பார்த்து அனுபவிக்க அவனுக்குப் பாத்தியதை இல்லை. தேர்வில் இதற்குக் கேள்வி வராது. நான்தான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடந்த மே மாதம் எங்க அண்ணன், "மூணு நாள் லீவு போட்டிருக்கேன், குடும்பத்தோட கடலோரமா போயிட்டு வருவோம்" என்றபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவன். ஒரு வாடகை வேன். ஓட்டுவது எங்க மாமன் மகன். அம்மா, சின்னம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், நான். புளிசோறு ஒரு தூக்கு, கருவாட்டுத் தொக்கு ஒரு டப்பா. சிதம்பரம், பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், கோடியக்கரை என்று அண்ணன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். நான் நாகப்பட்டினத்துக்குக் கீழே 'வெண்மணி' என்று எழுதினேன். அவன் அதை அடித்தான்.

"அது நீ மீட்டிங்குக்குப் போற எடம். புள்ளைங்கள கூட்டிட்டுப் போற எடமா அது? ஒரு தடவையாவது நாமளும் சும்மா சுத்திப் பாத்துட்டு வரக்கூடாதா?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. போராட்டம், வழக்கு, நினைவேந்தல் என்று மட்டுமே வெளியூர் போகிற சனமாக நாம் இருக்கவேண்டும் என்று என்ன விதி? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பிறந்தது கீவளூர்ப் பக்கம்.

சிதம்பரத்தில் அம்மாவும் அண்ணியும் கோயிலுக்குள் போனார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நந்தனார் பள்ளியைப் பார்க்கப் போனேன். சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி நம் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கவைத்த ஊர் அது. நந்தனைத் தீயில் இறக்கிப் பூணூலோடு வெளியே எடுத்த கதையைச் சேக்கிழார் எழுதினார். அதே பெயரைத் தீயிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடப் பலகையில் எழுதியவர் சகஜானந்தர். லீவு என்பதால் கேட் பூட்டியிருந்தது. பையன் கம்பி வழியாகப் பார்த்துவிட்டு, "கிரவுண்டு பெருசா இருக்கு அத்தை" என்றான்.

பிச்சாவரத்தில்தான் எல்லோருக்கும் வாய் நிறையச் சிரிப்பு வந்தது. ஏறக்குறைய 1100 எக்டேர் அலையாத்திக் காடு. தண்ணிக்குள் காலை ஊன்றிக்கொண்டு நிற்கிற சுரபுன்னை. அதன் வேருக்குள் புகுந்து புகுந்து படகு போகிறது. "எம்சியார் 'இதயக்கனி' படம் இங்கதான் எடுத்தாங்க" என்று படகுக்காரர் சொன்னதும் சின்னம்மா எழுந்து நின்றுவிட்டாள். படகு ஆடியது. தில்லை மரத்தைக் காட்டி, "இதும் பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிரும், தொடாதீங்க" என்றார் அவர். அந்த மரத்தின் பெயர்தான் சிதம்பரத்துக்குத் தில்லை என்று இருக்கிறது. கோயில் எழுந்த இடத்தில் அந்தக் காடு இல்லை. சேற்றில் நிற்கிற மரம் சேற்றிலேயே இருக்கிறது, பெயரை மட்டும் பொன்னம்பலம் எடுத்துக்கொண்டது. இந்தக் காட்டுக்குள் கழுத்தளவு தண்ணியில் இறங்கி, வலையில்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருளர்கள். 2004 சுனாமியில் இந்தக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது என்று பிறகு எல்லோரும் எழுதினார்கள். காட்டை அறிந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

வழியெல்லாம் அண்ணனின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். "இங்க நம்மள யாருக்கும் தெரியாது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அந்த வார்த்தையின் சுகம் எனக்கும் புரிந்தது. எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அதுவே ஒரு சேதி. இங்கே ஓட்டலில் இலை போட்டார்கள், தண்ணி வைத்தார்கள், 'சார், இன்னும் கொஞ்சம் சாம்பார்?' என்றார்கள். வேனில் வந்து இறங்குகிறவர்கள் வெறும் டூரிஸ்ட்டுகள்.

பூம்புகாரில் கடல் நல்ல வெயிலில் கிடந்தது. 1973இல் கட்டிய கலைக்கூடத்தை, எழுநிலை மாடத்தை வெளியிலிருந்து பார்த்தோம். சிலப்பதிகாரம், பட்டினப்பாலை என்று நான் ஆரம்பித்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பதால் பேசாமல் இருந்தேன். அங்கிருந்து பக்கத்தில் பல்லவனீச்சரத்துக்குப் போகச் சொன்னேன். தொல்லியல் துறை தோண்டி எடுத்த புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் அங்கே இருக்கிறது. புத்தர் பாதம் பொறித்த கல் கிடைத்த இடம் அது. வேலி, ஒரு பலகை, இரண்டு ஆடுகள். எங்களைத் தவிர யாரும் இல்லை.

"இதப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? எங்க வீட்டு அஸ்திவாரம் மாதிரி இருக்கு" என்றாள் சின்னம்மா. காலனி வீடு கட்டும்போது பாதியில் பணம் நின்று, அஸ்திவாரத்தோடு நாலு வருஷம் கிடந்தது அவள் வீடு.

இங்கேதான் எனக்குப் பேச வேண்டியிருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் வைத்தார். 1907 முதல் 'தமிழன்' பத்திரிகை நடத்தினார். தாழ்த்தப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் முன்னாள் பௌத்தர்கள், பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது வீழ்த்தப்பட்டவர்கள் என்பது அவருடைய கட்சி. அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவரும்வரை நம்மில் பலருக்கு அவர் பேர்கூடத் தெரியாது. அவருடைய சொல்லாராய்ச்சிகள் எல்லாவற்றையும் நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஒரு கேள்வியை அவர் கேட்கவைத்தார்: இடிந்து கிடப்பதற்கெல்லாம் யார் வாரிசு? தஞ்சைப் பெரியகோயில் இடியவில்லை. ஆயிரம் வருஷமாக நிற்கிறது. அதன் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, தீண்டாச்சேரி தனியாக வெட்டப்பட்டிருக்கிறது. நிற்கிற கல்லில் நம் இடம் அது. அப்படியென்றால் இந்த இடிந்த செங்கல்லில் நம் இடம் எது என்று கேட்பதில் என்ன தப்பு? சின்னம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இங்க சாதி பாக்காம சோறு போட்டாங்களாம்" என்றேன். மணிமேகலையின் பாத்திரம் இந்தப் பட்டினத்தில்தானே நிரம்பியது. சின்னம்மா ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாதான் சுட்டுருக்கான்" என்றாள். சூளையில் வேலை செய்தவள் கொடுத்த சான்றிதழ்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. தரங்கம்பாடிக்குப் போகிற வழியில் ஒரு ஊரில் அரசமர நிழலில் வேனை நிறுத்திப் புளிசோற்றைப் பிரித்தோம். பக்கத்துத் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். குழாயில் தண்ணி வரும் என்றார். எந்த ஊரு என்றார். அண்ணன் ஊர்ப் பேரைச் சொன்னான்.

"அந்த ஊருல நமக்கு வேண்டப்பட்டவங்க இருக்காங்க. நீங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்வி தெரியாத தலித் யாரும் இந்தத் தமிழ்நாட்டில் இல்லை. சாதி என்ன என்று நேராகக் கேட்டால் சட்டம் இருக்கிறது. தெருவைக் கேட்பதற்குச் சட்டம் இல்லை. அண்ணன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "பெரிய தெருங்க" என்றான்.

அம்மா வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "அவன் வெளயாட்டுக்குச் சொல்றாங்க. நாங்க காலனி" என்றாள்.

பெரியவர் முகம் பெரிசாக மாறவில்லை. "அதனால என்னம்மா, சாப்புடுங்க" என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தினாரா, காற்றில் சாத்திக்கொண்டதா என்று என்னால் சொல்ல முடியாது. எங்களை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஆனாலும் இலையை மடக்கினோம்.

வேனில் அண்ணன் வெடித்தான். "உன்ன எவன் கேட்டான்? அந்த ஆளு யாரு, நாம யாரு? அஞ்சு நிமிஷத்துல போகப்போறோம். நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க வுடமாட்டியா?"

"பெரிய தெருவுல நான் சாணி அள்ளுனவ. அங்க குடியிருந்தேன்னு ஏன் சொல்லணும்?" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவில்லை.

அப்போதுதான் பின்சீட்டிலிருந்து பையன் சொன்னான், ஏதோ பாடம் ஒப்பிப்பது மாதிரி: "நான்கூட ஸ்கூல்ல பெரிய தெருன்னுதான் சொல்லிருக்கேன்."

பதினோரு வயசுப் பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாள் அண்ணி, கேட்காமலே. அண்ணன் கூலிங்கிளாசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். நம் கூட்டங்களில் 'சாதியை மறைப்பது துரோகம்' என்று மைக்கில் பேசுவது சுலபம். மறைத்தால்தான் வாடகைக்கு வீடு, மறைத்தால்தான் பக்கத்து பெஞ்சுப் பையன் டிபன்பாக்ஸைத் திறப்பான் என்கிற இடத்தில் நிற்கிற பிள்ளையிடம் அந்த மைக்கைக் கொடுத்துப் பாருங்கள். மறைக்கிறவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டுத் தெருவைக் கேட்கிறவனைப் பண்புள்ள பெரியவர் என்று விட்டுவிடுகிற நியாயம் எனக்குச் சம்மதமில்லை. அம்மா சொன்னதும் சரி என்றே படுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து மஞ்சளாக நிற்கிறது. பக்கத்தில் 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் பாதி தின்றுவிட்டது. 1706இல் சீகன்பால்கு இறங்கிய ஊர், தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர். 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தை எல்லோரும் படம் எடுத்தார்கள். எனக்கு அங்கே நினைவு வந்தவர் ராஜநாயக்கன். பறையர் சமூகத்தவர், தஞ்சாவூரில் இருந்து அந்த மிஷனுக்கு ஊழியம் செய்தவர். அவரைக் குருவாக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அவர் கையால் நற்கருணை வாங்கமாட்டோம் என்று வெள்ளாளக் கிறித்தவர்கள் மறுத்ததால் அவருக்குக் குருப்பட்டம் இல்லாமலே போனது. 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன், வெள்ளாளர். கடல் தாண்டி வந்த சாமியிடமும் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இராத்திரி பிள்ளைகள் கரையில் ஆடினார்கள். அண்ணன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் நின்றான். ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அலைச் சத்தத்தில் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நாகப்பட்டினம் தாண்டும்போது அம்மா ஓட்டுகிறவனிடம், "தம்பி, கீவளூர்ப் பக்கம் திருப்பு" என்றாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

மேட்டூர் திறக்கிறதுக்கு முந்தின மாதம். வயல் வெடித்துக் கிடந்தது. போர் போட்டவர்கள் நிலத்தில் மட்டும் பச்சை. கீவளூர், தேவூர் தாண்டிக் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இராத்திரி, கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக, செங்கொடியை இறக்கமாட்டோம் என்றதற்காக, ராமையாவின் குடிசைக்குள் அடைத்து 44 பேரை எரித்த ஊர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்றைக்கு அம்மாவுக்குப் பத்து வயசு. மூணு மைல் தள்ளி அவர்கள் சேரி. வானம் செவந்து கிடந்ததாம். பிள்ளைகளையெல்லாம் வாய்க்கால் மதகுக்குள் உட்காரவைத்து, இருமக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் எங்க தாத்தா. இதை எங்களுக்கு அவள் முன்னாடி சொன்னதில்லை. வேன் அந்த ரோட்டில் திரும்பியபோது சொன்னாள்.

நினைவிடத்துக்கு முன்னால் எங்கள் வேன் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தீர்ப்பு ஞாபகம் வந்தது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர்கள் பெரும் நிலக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய் வீட்டுக்கு நெருப்பு வைப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது. கார் வைத்திருந்தால் குற்றம் செய்யமாட்டான். இந்த நாட்டில் ஒரு வண்டிக்கு இவ்வளவு மரியாதை. அதை அண்ணனிடம் சொன்னேன். வேனைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "பேரப் படி" என்றாள். படித்தேன். நடுவில் நிறுத்தினேன். "எல்லாத்தையும் படி" என்றாள். நாற்பத்து நாலு பேரும் முடிகிறவரை நின்றுகொண்டே கேட்டாள். அழவில்லை. முடிந்ததும், "அந்த அரப்படி இப்ப எவ்வளவு?" என்று அங்கிருந்த ஒரு அம்மாளிடம் கேட்டாள். அந்த அம்மாள் சிரித்தாள். "நெல்லு யாரு ஆயா அளக்குறா, மிஷினு அறுக்குது. நூறு நாளு வேலதான்." இரண்டு பேரும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் போனது. அங்கே அம்மாவை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. 'எந்த வீட்டுப் பொண்ணு' என்றுதான் கேட்டார்கள்.

கல்லில் 'தியாகிகள்' என்று இருக்கிறது. அது கூலிப் போராட்டம்தான், வர்க்கப் போராட்டம்தான், யார் மறுத்தது? ஆனால் எரிந்தது சேரி மட்டும். இதைச் சொன்னால் கோபப்படுகிற தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுனாமியின்போதும் அப்படித்தான். இந்த நாகப்பட்டினக் கரையில் அழுகிப்போன பிணங்களை எடுக்க வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் துக்கத்தில் இருந்தபோது எந்தச் சாதிக்காரன் கையில் அந்தப் பிணம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சிலவற்றைக் கேட்காமல் இருப்பதற்கும் இங்கே ஒரு ஒழுங்கு உண்டு.

வேதாரண்யத்தில் அகத்தியம்பள்ளி வழியாகப் போனோம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பள்ளிய இடத்தில் தூண் இருக்கிறது. தூணுக்கு அப்பால் உப்பளத்தில் இன்றைக்கும் உப்பு வாருகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வெள்ளை வெயிலில். சின்னம்மா கண்ணைக் கூசிக்கொண்டு, "கண்ணு அவிஞ்சிடுமே" என்றாள்.

கோடியக்கரையில் காட்டு வாசலில் வண்டி நம்பர், பேர், ஊர் எழுதச் சொன்னார்கள். அண்ணன் எழுதினான். பையன் எட்டிப் பார்த்தான். தெருவுக்கு அதில் கட்டம் இல்லை. 1967இல் சரணாலயமாக்கிய காடு. உயரமில்லாத, இலை உதிர்க்காத மரங்கள். அதிலும் பாலை மரங்கள் அதிகம். 2018 கஜா புயலில் முறிந்தவை முறிந்தபடியே இன்னும் சில கிடந்தன. புல்வெளியில் வெளிமான் கூட்டம். முறுக்குக் கொம்பு ஆண்மான் ஒன்று வேனைப் பார்த்து நின்றது. பெண்பிள்ளை மூச்சுவிடாமல் இருந்தாள். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் மார்கழியில் வரவேண்டும் என்றார்கள். சோழர் காலத்தது என்று சொல்கிற பழைய கலங்கரை விளக்கம் 2004 அலையில் விழுந்துபோய் அடிப்பகுதிதான் மிச்சம். அண்ணன் அதன் மேல் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தான்.

வழியில் ஒரு பெண்ணிடம் பாலைப்பழம் வாங்கியிருந்தோம். மஞ்சளாக, வேப்பம்பழம் அளவு, அவ்வளவு இனிப்பு. தின்றால் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு அது சின்ன வயசுப் பண்டம். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து, "இருட்டுறதுக்குள்ள கெளம்பணும்மா, வண்டிக்கு மணிக்கணக்கு வாடக" என்றான்.

"இருடா, ஒட்டுனது போவட்டும்" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு பழத்தை எடுத்தாள்.